சமூக வன உரிமை: பட்டா கொடுத்தாயிற்று சரி, காட்டை யார் பார்த்துக்கொள்வது?

காட்டுப்பாதை எழுதியது:

சத்தியமங்கலம் மலையில் சோளகர், ஊராளிப் பழங்குடி மக்கள் இருக்கும் தொட்டிகளில் (மலைக் குடியிருப்புகளை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வன உரிமை விண்ணப்பம் எழுத உதவி செய்து வருகிறேன். ஏழெட்டு வருடம் ஆகிறது. ரொம்ப நாளாக மனதில் இருக்கும் ஒன்றை இங்கே பேசிவிடலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2006 வன உரிமைச் சட்டம் என்றாலே நம்மில் பலருக்கு நினைவு வருவது பட்டாதான். உழுகிற நிலத்துக்கும் குடியிருக்கும் இடத்துக்கும் 4 ஹெக்டேர் வரை தனிநபர் உரிமை, அதற்குப் படிவம் அ. அது வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதே சட்டத்தின் 3ஆம் பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. ஓர் ஊர் காலங்காலமாகப் புழங்கி, காத்து வந்த காட்டைத் தொடர்ந்து காக்க, மீண்டும் வளர்க்க, நிர்வகிக்க அந்த ஊருக்கே உரிமை உண்டு. அதுதான் தலைப்பில் சொன்ன சமூக வன உரிமை, அதற்குப் படிவம் இ. நான் போன பல தொட்டிகளில் படிவம் அ எல்லார் வீட்டுத் தகரப் பெட்டியிலும் இருக்கிறது, படிவம் இ என்று ஒன்று இருப்பதையே யாரும் சொல்லவில்லை.

போன தை மாதம் ஒரு தொட்டியில் எல்லை குறிக்கப் போனோம். எழுபது வயது தாண்டிய ஒரு பெரியவர் முன்னால் நடக்கிறார், நான் ஜிபிஎஸ் கருவியைப் பிடித்துக்கொண்டு பின்னால். நூறு அடிக்கு ஒரு தடவை நின்று ஒரு பெயர் சொல்கிறார். இது இன்ன பாறை, இங்கே தேன் இறக்குவோம். இது இன்ன பள்ளம், சித்திரையிலும் தண்ணீர் ஊறும். இந்த மரத்தடியில் சாமி இருக்கு, செருப்பைக் கழற்று. மதியத்துக்குள் நாற்பதுக்கு மேல் பெயர் எழுதிவிட்டேன். அரசு வரைபடத்தில் அதே இடத்துக்கு இருப்பது ஒரு எண் மட்டும்.

அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனால், “பட்டாதான் கொடுத்தாச்சே, இன்னும் என்ன வேணும் இவங்களுக்கு?” என்று கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லலாம், நீங்களும் சொல்லுங்கள். இன்னும் வேண்டியதுதான் முக்கியமானது என்பது என் கருத்து.

---

கானுயிர் நேசன் எழுதியது:

நல்ல இழை. ஆனால் எதிர்ப்பக்கத்தையும் யாராவது பேச வேண்டும். பழங்குடி மக்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. பத்து வருடமாகக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் போகிறேன், காட்டில் வழி காட்டி என் உயிரைக் காப்பாற்றியவர்களே அவர்கள்தான்.

என் பயம் வேறு. நூறு வருடத்துக்கு முன்னால் இருந்த காடு இன்று இல்லை, மக்கள்தொகை கூடிவிட்டது, சந்தை காட்டு வாசல்வரை வந்துவிட்டது. நெல்லிக்காய் பறிக்கக் கிளையோடு வெட்டிப் போட்டதை நானே பார்த்திருக்கிறேன். அப்புறம் தீ. ஒரு கோடையில் தீ போன மறுநாள் ஒரு சரிவில் நடந்தேன், நட்சத்திர ஆமைகள் ஓடு கருகிக் கிடந்தன, எண்ண முடியாமல் திரும்பி வந்துவிட்டேன். சத்தியமங்கலம் 2013 முதல் புலிகள் காப்பகம். அதன் நிர்வாகத்தை ஊர் கையில் கொடுத்தால் நாளைக்கு ஒரு வியாபாரி வந்து ஊரையே விலை பேசமாட்டானா? இதற்கு யாராவது நேரடியாகப் பதில் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

---

நெல்லிமரம் எழுதியது:

நேசன் சார், தீ பற்றி நீங்கள் சொன்னதால் எழுதுகிறேன். உங்கள் சரிவிலிருந்து மலையைத் தாண்டினால் கர்நாடகத்தில் பிலிகிரி ரங்கன் மலை, சாம்ராஜ்நகர் மாவட்டம். அங்கே இருப்பதும் அதே சோளகர் மக்கள்தான், கன்னடத்தில் சோலிகர் என்பார்கள், நடுவில் மாநில எல்லை மட்டும். மாணவனாக அங்கே சில மாதம் இருந்தேன்.

அந்தப் பெரியவர்கள் ‘தரகு பெங்கி’ என்று ஒன்றைப் பற்றிச் சொல்வார்கள். சருகுத் தீ. காடு முழுக்கக் காய்ந்து வெடிக்கும் மார்ச், ஏப்ரலில் வைப்பது அல்ல. பனிக்காலம் முடியும் தறுவாயில், புல்லின் அடியில் ஈரம் இருக்கும்போதே, ஒரு பக்கமாக வைப்பார்கள். முழங்கால் உயரம்கூட எழாமல் சருகை மட்டும் தின்றுவிட்டு அணைந்துவிடும். பிறகு புதுப்புல் வரும், மானும் காட்டெருமையும் வரும்.

1974இல் அது சரணாலயம் ஆனது. காட்டுக்குள் சிதறியிருந்த குடியிருப்புகளை எடுத்து ஓரமாகக் குடிவைத்தார்கள். தீ வைப்பது குற்றமானது. அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். உண்ணிச்செடி ஏறியது. நம் ஊர்ச் செடியே அல்ல அது, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த அமெரிக்கச் செடி. பிலிகிரி மலையில் 1997இல் ஆய்வு செய்த கட்டங்களில் சுமார் 40 சதவீதத்தில் இருந்தது, 2008இல் அதே கட்டங்களில் சுமார் 80 சதவீதத்தில் இருந்தது. ஆள் உயரப் புதர், உள்ளே புல் கிடையாது, நெல்லிக் கன்று எழாது. கோடையில் அதற்குத் தீப்பிடித்தால் முழங்கால் உயரத்தில் நிற்காது, மர உச்சிவரை ஏறும். நீங்கள் பார்த்த ஆமைகள் அந்த மாதிரித் தீயில் செத்திருக்கலாம் சார்.

நெல்லி மரத்தில் புல்லுருவி கூடியதும் அதே கதைதான். சருகுத் தீ நின்றதால்தான் புல்லுருவி மரத்துக்கு மரம் பரவி நெல்லியைச் சாகடிக்கிறது என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆய்வு செய்யப் போனவர்கள் முதலில் காய் பறிப்பதுதான் நெல்லி குறையக் காரணமாக இருக்கும் என்று எண்ணினார்கள். வருடக்கணக்காக மரங்களை எண்ணிய பிறகு உண்ணிச்செடியும் புல்லுருவியும்தான் பெரிய காரணங்களாகத் தெரிந்தன.

கிளையோடு வெட்டுவது தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் புல்லுருவி பிடித்த கிளையை மட்டும் பார்த்து வெட்டுவதும் உண்டு, தூரத்திலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

---

கோத்தகிரிக் குளிர் எழுதியது:

உண்ணிச்செடியைப் பிடுங்கி எடுத்து, வேகவைத்து, வளைத்து யானைப் பொம்மை செய்கிறார்கள், கூடலூர்ப் பக்கம். பெட்டக் குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் எல்லாரும் சேர்ந்து செய்தவை. நிஜ யானை அளவு. 2021இல் லண்டன் பூங்காக்களில் நிறுத்தியிருந்தார்கள். நேரில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன், அப்படி ஓர் உறுதி.

---

மதுரை வக்கீல் எழுதியது:

சட்டத்தைக் கொஞ்சம் தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனென்றால் இங்கேயே சிலர் அரசு தயவு செய்து கொடுப்பது மாதிரி எழுதுகிறீர்கள். சட்டம் உரிமையை ‘வழங்குவதாக’ மட்டும் பேசவில்லை, ஏற்கெனவே இருந்த உரிமையை ‘அங்கீகரிப்பதாக’ப் பேசுகிறது. முகவுரையிலேயே இவர்களுக்கு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டிருக்கிறது. 1882இன் சென்னை வனச் சட்டம் வந்து காடுகளை ரிசர்வ் ஆக்கியபோது உள்ளே இருந்தவர்களின் புழக்கம் பல இடங்களில் பதிவே ஆகவில்லை. பிறந்த வீட்டிலேயே ஆக்கிரமிப்பாளர் ஆனார்கள்.

தமிழ்நாடு ஏன் பின்தங்கியது என்று கேட்டால் ஒரு பெரிய காரணம் நீதிமன்றம். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2007 டிசம்பர் 31. சில மாதங்களிலேயே, 2008இல், சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இடைக்கால உத்தரவு போட்டது, தன் அனுமதி இல்லாமல் பட்டா கொடுக்கக் கூடாது என்று. 2016இல் உச்ச நீதிமன்றம்தான் அந்தத் தடையை நீக்கியது. எட்டு வருடம். மற்ற மாநிலங்கள் லட்சக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

இரண்டாவது, கிராம சபை. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி (அரசியலமைப்பின்படி தனியாக அறிவிக்கப்படும் பழங்குடிப் பகுதி) என்று ஓர் அங்குலம்கூட அறிவிக்கப்படவில்லை, அதனால் அந்தப் பகுதிகளின் கிராம சபைக்கு அதிகாரம் தரும் 1996இன் பெசா சட்டமும் இங்கே இல்லை. நம் ஊராட்சி கிராம சபை பல ஊர்களைச் சேர்த்தது. மலையில் ஐம்பது வீடு இருக்கும் தொட்டி, கீழே ஆயிரம் வீடு இருக்கும் ஊரோடு ஒரே சபையில் உட்கார்ந்தால் காட்டைப் பற்றி யார் முடிவெடுப்பார்? ஆனால் வன உரிமைச் சட்டத்தில் ‘கிராமம்’ என்பதற்குள் காட்டுக் குடியிருப்புகளும், பழைய வாழிடங்களும், அளக்கப்படாத ஊர்களும் வருகின்றன. அதாவது தொட்டியிலேயே சபை கூட்டலாம், கூட்டச் சொல்லிக் கேளுங்கள். பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழு, அதிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

ஆதாரம் என்று எதுவும் இல்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால், ஊர்ப் பெரியவரின் வாய்மொழியை எழுதி வாங்கினாலே அது விதிப்படி ஓர் ஆதாரம். உரிமை கோருபவர் தவிர்த்த வேறு பெரியவராக இருக்க வேண்டும். மொத்தம் இரண்டு ஆதாரம் போதும். காட்டுப்பாதை, உங்கள் பெரியவர் சொன்ன அந்த நாற்பது பெயரும் ஆதாரம்தான். ஓடை, புனித இடம், இடுகாடு எல்லாம் விதியிலேயே இருக்கிறது. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள், 60 நாளுக்குள் அதற்கு மேலே இருக்கும் குழுவிடம் முறையிடலாம். விண்ணப்பம் முடிவாகும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது, 4ஆம் பிரிவு. 2019 பிப்ரவரி 13 அன்று, நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, நாடே கொந்தளித்து, 28ஆம் தேதி அந்த உத்தரவையே நிறுத்திவைத்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

---

சீமாறுக்கட்டு எழுதியது:

வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் சோளகர் பெண், எங்கள் தொட்டியில் டிகிரி முடித்த இரண்டாவது ஆள். எங்களைப் பற்றி இத்தனை பேர் அக்கறையாகப் பேசுவது சந்தோஷம், நாங்களும் பேசிவிடுகிறோம்.

நேசன் அண்ணா கேட்ட வியாபாரி கேள்விக்கு முதலில் வருகிறேன். வியாபாரி நாளைக்கு வரப்போவதில்லை அண்ணா, எப்போதோ வந்துவிட்டார். அம்மா விடியலுக்கு முன்னால் எழுந்து மூன்று மைல் ஏறி சீமாறு அறுத்து, வெயிலில் காயப்போட்டு, திருப்பித் திருப்பி அடித்து முள் உதிர்த்து, கட்டிக் கொண்டுவருவார். உள்ளங்கை முழுக்கக் கீறல் இருக்கும், சாப்பிடும்போது உப்பும் காரமும் பட்டு எரியும், இடது கையால் சோற்றைப் பிசைவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டுக்கு விலை சொல்வது அம்மா இல்லை. எத்தனை நாள் அறுக்கலாம், எந்தச் சரிவை இந்த வருடம் விட்டுவைக்கலாம் என்று சொல்வதும் அம்மா இல்லை. பறிக்க விடுவார்கள், சில வருடம் திடீரென்று விடமாட்டார்கள். அடுத்த வருடம் விடுவார்களா என்று தெரியாதபோது இந்த வருடமே எல்லாவற்றையும் அறுத்துவிடத்தான் தோன்றும். கிளையோடு வெட்டுவதும் இப்படித்தான் வருகிறது. மரம் நமதென்றால் யாரும் வெட்டமாட்டார்கள். நான் இதை நியாயப்படுத்தவில்லை, எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன்.

பாட்டி காலத்தில் நெல்லிக்காய் முழுசும் உலுக்கமாட்டார்களாம். மேல்கிளையில் இருப்பது குருவிக்கு, கீழே விழுவது மானுக்கு. மான் தின்று போட்ட கொட்டையில்தான் நல்ல கன்று வரும் என்பார். தேன் அடையிலும் அப்படித்தான், ஒரு பங்கை ஈக்கே விட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். இதெல்லாம் யாரும் எழுதி வைத்த விதி இல்லை, ஆனால் மீறினால் ஊர்க் கூட்டத்தில் நிற்க வேண்டும். இப்போது அந்தக் கூட்டத்துக்கு அதிகாரம் இல்லை, அதனால் மீறினால் கேட்பாரும் இல்லை. படிவம் இ என்பது எனக்கு அந்தக் கூட்டத்தைத் திரும்ப உட்கார வைப்பது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வயதுப் பிள்ளைகள் பாதிப் பேர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். காட்டிலேயே இருங்கள், ரோடு வேண்டாம், கரண்டு வேண்டாம் என்று யாராவது சொன்னால் எங்களுக்குக் கோபம் வரும். பிரசவத்துக்குத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய ஊர் எங்களது.

---

மதுரை வக்கீல் எழுதியது:

அம்மா, நீங்கள் சொன்ன ரோடுக்கும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, சாலை, குடிநீர், மின்கம்பி என்று 13 வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபை பரிந்துரைத்தால் காட்டு நிலத்தைக் கொடுக்கலாம். டெல்லி வரை கோப்பு போக வேண்டியதில்லை. இதை எந்த அலுவலகமும் தானாக வந்து சொல்லாது.

---

நடைவண்டி எழுதியது:

நேசன் கேட்டது நடைமுறைக் கேள்வி, அதனால் நான் நேரில் பார்த்த ஓர் ஊரைச் சொல்கிறேன். மகாராஷ்டிரம், கட்சிரோலி மாவட்டம், மேண்டா லேகா. கோண்டு மக்கள். 2009இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்குச் சமூக உரிமை வாங்கியவர்கள், நாட்டிலேயே முதல் வரிசை. ஊர் நுழைவிலேயே அவர்கள் முழக்கத்தைக் கேட்கலாம்: டெல்லியிலும் மும்பையிலும் நம் அரசு, நம் ஊரில் நாமே அரசு.

உரிமைப் பத்திரம் வந்ததும் கதை முடிந்துவிடவில்லை. காடு அவர்களுடையது, மூங்கிலும் அவர்களுடையது, ஆனால் வெட்டிய மூங்கிலை லாரியில் ஏற்ற ‘போக்குவரத்து அனுமதிச் சீட்டு’ வேண்டும், அது வனத்துறை கையில். 1927 வனச் சட்டப்படி மூங்கில் மரம், சிறு வனப்பொருள் (தேன், நெல்லி மாதிரி மரம் அல்லாத காட்டு விளைபொருள்) இல்லை என்று வாதம். 2006 சட்டமோ மூங்கிலைச் சிறு வனப்பொருள் என்றே எழுதியிருக்கிறது. இந்த ஒரு சீட்டுப் புத்தகத்துக்காக இரண்டு வருடம் போராடினார்கள். 2011 ஏப்ரல் 27 அன்று அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஊருக்கே வந்து, ஊர்த் தலைவர் தேவாஜி தோபாவின் கையில் அந்தப் புத்தகத்தைக் கொடுத்தார். நிர்வாக உரிமை என்பது கடைசியில் யார் கையில் அந்தச் சீட்டுப் புத்தகம் இருக்கிறது என்பதுதான்.

அங்கே பெரும்பான்மை ஓட்டு கிடையாது. எல்லாரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசுகிறார்கள். ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன், ஒரு விஷயத்துக்கு மூன்று மணி நேரம் ஆகியும் முடியவில்லை, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

வியாபாரிக்கு விலைபோவார்களா என்பதற்கு, அடுத்த மாவட்டம் சந்திரபூரில் பாஞ்ச்காவ் என்றொரு ஊர். 2012இல் உரிமை வாங்கினார்கள். பீடி இலைதான் அந்தப் பகுதியில் கையில் காசு வரும் வழி. ஆனால் நல்ல இலை துளிர்க்க மரத்தை மொட்டையடிக்கிறார்கள், தீ வைக்கிறார்கள், காடு கெடுகிறது என்று சொல்லி, பீடி இலை பறிப்பதையே அந்த ஊர் நிறுத்தியது. மூங்கிலை மட்டும் விற்கிறார்கள். யாரும் உத்தரவு போடவில்லை, வரும் காசை அவர்களே வேண்டாம் என்றார்கள்.

---

கானுயிர் நேசன் எழுதியது:

பாஞ்ச்காவ் எனக்குப் புதுச் செய்தி, நன்றி. சீமாறுக்கட்டு தங்கை எழுதியதை இரண்டு முறை படித்தேன். அடுத்த வருடம் விடுவார்களா என்று தெரியாததால் இந்த வருடமே அறுப்பது, அந்த இடம் எனக்குப் புரிகிறது, அப்படி யோசித்ததில்லை.

இருந்தாலும் இரண்டு கேள்வி. ஒன்று, புலிகள் காப்பகத்துக்குள் இது நடந்த இடம் உண்டா? இரண்டு, பணம் பெரிதாக வரும்போது, குவாரி, சுரங்கம் என்று, ஐம்பது வீடு எப்படித் தாங்கும்?

---

நெல்லிமரம் எழுதியது:

முதல் கேள்விக்கு பிலிகிரி மலையேதான் பதில் சார். புலிகள் காப்பகமாக அறிவித்தது 2011 தொடக்கத்தில். அதே வருடம் அக்டோபரில் 25 கிராம சபைகளுக்குச் சமூக உரிமை கிடைத்தது. நாட்டில் புலிகள் காப்பகத்துக்குள் கிடைத்தது அதுதான் முதல் தடவை. 2010இல் சுமார் 35 என்றிருந்த புலிக் கணக்கு 2014இல் 68 என்று வந்தது. புலி கூடியதற்கு மக்கள்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், எண்ணும் முறையும் மாறியது, பக்கத்துக் காடுகளிலும் கூடியது. ஆனால் மக்கள் உள்ளே இருந்தால் புலி அழியும் என்ற வாதம் அங்கே நிற்கவில்லை. குறையும் உண்டு: தேன், நெல்லி எடுக்க முடிகிறது, சருகுத் தீ வைக்க மட்டும் இன்னும் விடுவதில்லை. நிர்வாகம் என்பதில் பாதிதான் வந்திருக்கிறது.

---

காட்டுப்பாதை எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். ஒடிசாவில் நியமகிரி. டோங்கிரியா கோண்டு மக்கள், மலையே அவர்களுக்கு நியமராஜா என்ற தெய்வம். மலை உச்சியில் பாக்சைட், அடிவாரம் லாஞ்சிகட்டில் வேதாந்தா நிறுவனத்தின் ஆலை. 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், கிராம சபைகளையே கேளுங்கள் என்றது. 12 ஊர் தேர்ந்தெடுக்கப்பட்டது, சில ஊரில் வீடுகளே கொஞ்சம்தான். மழைக்காலத்தில், மாவட்ட நீதிபதி முன்னால், போலீஸ் சுற்றி நிற்க, ஒவ்வொரு ஊராகக் கூட்டம் நடந்தது. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. ஒன்றுகூட மாறவில்லை.

எல்லா ஊரும் அப்படி நிற்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆசைகாட்டினால் பிளவுபடும் ஊரும் இருக்கும். ஆனால் கேட்கவே கேட்காத இடத்தில் மலை போனதை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம். 2022 வனப் பாதுகாப்பு விதிகள் வந்த பிறகு, மத்திய அரசு சுரங்கம் மாதிரித் திட்டங்களுக்குக் காட்டை விட்டுக்கொடுக்கச் சம்மதம் சொல்வதற்கு முன்பே ஊரின் ஒப்புதல் வேண்டும் என்ற நிபந்தனை பின்னுக்குப் போய்விட்டது, தேசியப் பழங்குடியினர் ஆணையமே எதிர்த்தது. அதனால்தான் படிவம் இ அவசரம் என்கிறேன். உரிமை எழுத்தில் இருக்கும் ஊருக்குக் குறைந்தது நீதிமன்றத்தில் நிற்க ஓர் இடம் உண்டு.

சீமாறுக்கட்டு, உங்கள் தொட்டியில் குழு போட்டாயிற்றா?

---

சீமாறுக்கட்டு எழுதியது:

போட்டாயிற்று அண்ணா, 12 பேர், அதில் 5 பெண்கள், அம்மாவும் உண்டு. கையெழுத்துப் போடப் பாட்டி மட்டும் பயப்படுகிறார். எந்தக் காகிதத்தில் கைநாட்டு வைத்தாலும் ஏதோ ஓர் இடத்தை விட்டுப் போகச் சொன்னார்கள் என்கிறார். வரைபடத்தைக் காட்டி ஒவ்வொரு பள்ளமாகப் பெயர் படித்தேன், கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, மேற்குப் பக்கம் ஒரு பாறையின் பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள் என்றார். அதைத் தாண்டி ஒரு சுனை இருக்கிறதாம், நாங்கள் யாரும் பார்த்ததில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை தானே வந்து காட்டுகிறேன் என்கிறார்.

---

காட்டுப்பாதை எழுதியது:

ஞாயிறு காலை ஆறு மணிக்கு உங்கள் தொட்டியில் இருக்கிறேன். ஜிபிஎஸ்ஸுக்குப் பேட்டரி இரண்டு செட் கொண்டுவருகிறேன். பாட்டிக்கு ஏற்ற நடை வேகத்தில் போகலாம், நேரம் ஆனால் ஆகட்டும். நேசன் சார், முடிந்தால் நீங்களும் வாருங்கள்.

---

கானுயிர் நேசன் எழுதியது:

வருகிறேன். பண்ணாரி செக்போஸ்ட் திறந்ததும் ஏறிவிடுகிறேன், ஆறு மணி முன்னே பின்னே ஆகும், எனக்காகக் கொஞ்சம் நில்லுங்கள்.